இரு பூஜ்யங்கள்

பெங்களூரில் ஒரு வேலை வந்திருக்கிறது. எட்டு வருஷமாக ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், எழுத்து வேலை பார்த்து வாழ்கிறவன் நான். இங்கே சம்பளம் 24,000, அங்கே 45,000. மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். நோட்டில் நடுவே ஒரு கோடு இழுத்து, இடது பக்கம் மலை, வலது பக்கம் நகரம் என்று போட்டுக்கொண்டேன்.

முதல் சில வரிகள் சுலபம். வாடகை இங்கே 3,000, அங்கே 16,000. ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இங்கே இலவசம். என்னுடையது முன்னுரிமை அட்டை அல்ல. ஆகவே தமிழக அரசு தன் கணக்கில் தரும் அந்த அரிசி ஓசூரைத் தாண்டி என்னுடன் வராது. கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் அந்த மாநில முகவரி கைக்கு வரும்வரை என் மனைவி டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். விலை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, எந்த அரசாங்கத்தின் பேரேட்டில் நம் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்தால் போதாதா என்றார் ஒரு நண்பர். போதாது. தொழிலாளர்களுக்கான அந்த எண்ணை மத்திய அரசு 88 மையங்களுக்குத் தயாரிக்கிறது. ஒவ்வொரு மையத்துக்கும் 2016ஆம் வருஷ விலைதான் 100. சென்னையும் 100, சேலமும் 100. அதன்பின் ஒவ்வோர் ஊரும் தன்னுடைய பழைய விலையிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அது சொல்லும். எந்த ஊரில் வாழ அதிகம் செலவாகும் என்பதைச் சொல்லாது. காலத்தை அளப்பதற்கென்று செய்த கோல் அது. இடத்தை அளக்க உதவாது.

1929இல் ஃபோர்டு கம்பெனிக்கு இதே கேள்வி எழுந்தது. டெட்ராயிட்டில் தன் தொழிலாளி வாழ்கிற மாதிரியே ஐரோப்பிய நகரங்களிலும் வாழ வேண்டுமானால் அங்கே என்ன கூலி தர வேண்டும்? கேள்வி சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்குப் போயிற்று. டெட்ராயிட்டில் நாளுக்கு ஏறக்குறைய 7 டாலர் வாங்கிய 100 குடும்பங்களின் செலவை வரி வரியாக எழுதி, அந்தப் பட்டியலுக்கு ஐரோப்பாவில் விலை விசாரித்தார்கள். 1931இல் அறிக்கை வந்தது. இம்மாதிரிக் கணக்கின் சிக்கல் விலையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. ஓர் ஊரின் பட்டியல் அந்த ஊர் வாழ்க்கையின் உருவம். அதை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோனால் பாதிப் பொருள்கள் அர்த்தம் இழந்துபோகின்றன.

நானும் என் பட்டியலைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சாமை என்று ஒரு வரி. இங்கே பக்கத்துக் கொல்லையில் விளைகிறது. அறுப்பு முடிந்ததும் பக்கத்து வீட்டு மலையாளிப் பெண் ஒரு முறம் சாமையரிசி கொண்டுவந்து அம்மாவிடம் கொட்டிவிட்டுப் போவாள். காசு நீட்டினால், "அம்மாவுக்குத் தர்றதுக்கு என்ன சார் காசு" என்பாள். பெங்களூரில் அதே சாமை பாக்கெட்டில் அடைபட்டு, சர்க்கரை நோய்க்காரர்களுக்கு உகந்தது என்ற விளம்பரத்துடன், அரிசியைவிடக் கூடிய விலையில். இடது பத்தியில் சாமைக்கு எதிரே பூஜ்யம் போட்டேன். தண்ணீருக்கும் பூஜ்யம். ஆனால் அந்த முறத்துக்குப் பின்னால் உமி போகக் குத்திப் புடைத்த அவளுடைய பல மணி நேரம் இருக்கிறது. எனக்குச் செலவில்லை என்பதால் அதற்கு விலையில்லை என்று ஆகிவிடாது.

பிறகு நகரத்தின் பட்டியலை மலைக்குக் கொண்டுவந்தேன். இருதய மருத்துவர்: பூஜ்யம். புத்தகக் கடை: பூஜ்யம். இங்கே இவற்றுக்குச் செலவில்லை, ஏனென்றால் இவை இல்லை. போன ஐப்பசியில் ஒரு நள்ளிரவு அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. மழையில் வண்டி பிடித்து மலையிறங்கி வேலூர் போய்ச் சேர விடிந்துவிட்டது. இன்னொரு தடவை இவ்வளவு நேரம் தாங்காது என்றார் மருத்துவர். அந்த வண்டி வாடகை என் நோட்டில் 'இதர செலவுகள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

ஒருத்தி கொடுத்ததற்கும் பூஜ்யம், யாருமே கொடுக்காததற்கும் பூஜ்யம். மலையில் வாழ்க்கை மலிவு என்று சொல்கிறவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள்.

இந்த மலிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. மலிவான இடத்திலிருந்து ஆளும் மலிவாகக் கிடைப்பான். கூலிக்கு மலையிறங்குகிறவர்களுக்குக் கோடு போட்டு யோசிக்க மாதக் கடைசிவரை அவகாசம் இல்லை. தரகர் சொல்லும் முன்பணம் ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிகிற எண். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்தவர் அவர்களில் பலர். இம்மாதிரி வேலைக்குப் பேசப்படும் தொகையில் வரவு மட்டும் இருக்கிறது. போகிறவனின் உயிர் எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை.

கூட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். 21,000 ரூபாய் வித்தியாசத்தை வாடகையும் தண்ணீரும் பஸ்ஸும் சாப்பிட்டுவிடுகின்றன. எண்கள் முடிவு சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டன. மீதி இருந்தது வேலூர் போன அந்த இரவு.

வருகிறேன் என்று எழுதிவிட்டேன். அம்மா முதலில் வரமாட்டேன் என்றாள். இரண்டு நாள் கழித்து, அங்கே சாமை கிடைக்குமா என்று கேட்டாள்.

கிடைக்கும், விலைக்கு, என்றேன்.