சிஸ்டர் இல்லாத நாற்காலி

கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்களிடம் எச்.எம். சிஸ்டரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சத்தமாகத்தான் இருக்கும். எனக்கு அது இடுப்பில் தொங்கும் செபமாலை உரசுகிற சத்தம். வராந்தா முனையில் அது கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். அந்த அம்மாவுக்கு உள்ளுக்குள் விசுவாசம் இருக்கிறதா என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அங்கி போட்டிருக்கிறார், அப்போ இருக்கும். அவ்வளவுதான்.

என் சித்திக்கு அந்த வசதி கிடையாது. சேலை, ஸ்கூட்டி, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் மீன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் 26 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தார். 4 வருஷத்துக்கு முன் தலைமையாசிரியை ஆனார். அதற்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கன்னியர்கள். மடத்தில் இப்போது ஆள் இல்லை, இருக்கிற சிலருக்கும் வயதாகிவிட்டது. முதல் மாதம் பிள்ளைகள் வாய் தவறி, “சிஸ்டர், உள்ள வரலாமா?” என்று கேட்பார்களாம். சித்தி திருத்தவில்லை. “திருத்தி என்னய்யா செய்ய? நாற்காலிக்குத்தான சொல்லுதாங்க” என்றார்.

சித்தியை விடப் பணியில் மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருந்தும் நிர்வாகம் சித்தியைத் தேர்ந்தெடுத்தது. சட்டம் அதற்கு இடம் தருகிறது. கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுக்கிறது. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது அந்த உரிமைக்குள் வரும், பணி மூப்பைப் பார்த்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று 1998இல் கேரளப் பள்ளி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006இல் கல்லூரி முதல்வர் விஷயத்திலும் அதையே உறுதிப்படுத்தியது. ஒரு பள்ளியின் குணம் அதன் தலைமையைப் பொறுத்தது என்பதுதான் இந்தத் தீர்ப்புகளுக்கு அடியில் இருக்கும் எண்ணம். அதாவது, சித்தியின் நாற்காலி எவ்வளவு முக்கியம் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நாற்காலிக்காக சித்தியை எப்படித் தயார் செய்தார்கள்? 2 நாள் பயிற்சி வகுப்பு. சம்பளப் பில், பணிப்பதிவேடு, எமிஸ் தளத்தில் எதை எப்போது ஏற்றுவது, டி.இ.ஓ. ஆபீஸுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது. எல்லாம் தேவையானதுதான். கடைசி நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும் கண் சொக்கும் நேரத்தில், ‘ஆன்மிகத் தலைமைத்துவம்’ என்று ஒரு மணி நேரம். ஸ்லைடுகளை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். மூன்றாவது ஸ்லைடில் கழுகு. எங்கள் கம்பெனியில் மேனேஜர்களுக்கு நடக்கும் பயிற்சியிலும் இதே கழுகு, இதே மலை. அங்கே டார்கெட், இங்கே இயேசு.

திருச்சபைக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. பள்ளிகளில் வேலை பார்க்கும் பொதுநிலையினருக்காகவே 1982இல் வத்திக்கான் ஒரு தனி ஆவணம் வெளியிட்டது. தொழில் பயிற்சி மட்டும் போதாது, விசுவாச உருவாக்கமும் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று 1950இல் அறிவிக்கப்பட்டவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். 17ஆம் நூற்றாண்டு பிரான்சில், ரேம்ஸ் நகரத்துப் பணக்காரக் குடும்பம். பேராலயத்தில் நல்ல பதவி. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கிடைத்த ஆசிரியர்களோ அரைகுறையாகப் படித்தவர்கள். தன் வேலைக்காரனுக்கும் கீழே என்றுதான் முதலில் அவர்களை நினைத்திருக்கிறார். அவர்களைத் தேற்ற அவர் செய்த முக்கியமான காரியம், தன் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டது. பிறகு வீட்டிலேயே தங்க வைத்தார். சொந்தக்காரர்கள் கொதித்துப்போனார்கள். 1683இல் பதவியையும் விட்டுவிட்டார். ஆசிரியரின் விசுவாசத்தை வளர்க்க ஒரே மேசையில் தினமும் சாப்பிட வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

கன்னியர்களிடம் அந்த மேசை இருந்தது. சித்தி சொல்வது: “சிஸ்டர் பகல்ல ஒரு பிள்ளைகிட்ட அநியாயமா கத்திட்டாங்கன்னு வையி, ராத்திரிச் சாப்பாட்டுல மதர் கேட்ருவாங்க. காலைல அஞ்சு மணிக்கு எந்திச்சு செபத்துல உக்காரணும், இஷ்டம் இருக்கோ இல்லையோ. எனக்கு அஞ்சு மணிக்குக் குக்கர்தான். நான் கத்துனா யாரு கேப்பா?”

மடத்தை நான் புனிதப்படுத்தவில்லை. பிரம்போடு அலைந்த சிஸ்டர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களை எந்த மதரும் எதுவும் கேட்ட மாதிரி தெரியவில்லை. இருந்தாலும் ஒரு ஏற்பாடு இருந்தது. இப்போது அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு நாற்காலியை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இது வெறும் மனநிலைப் பிரச்சினை இல்லை. போன வருஷத்துக்கு முந்தைய ஏப்ரலில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியைகள் ஒரு பட்டியல் கொண்டு வந்தார்கள். 7 பெயர்கள். பத்தாம் வகுப்பு தேறாது என்று அவர்கள் முடிவுகட்டிய பிள்ளைகள். பெற்றோரைக் கூப்பிட்டு, “வேற ஸ்கூல்ல சேத்துக்கோங்கம்மா” என்று பக்குவமாகச் சொல்லி டி.சி. கொடுத்துவிட்டால் நூறு சதவீதம் தப்பும். நம் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. தேர்வு முடிவு வந்த மறுநாள் பள்ளி வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸ் பேனருக்குப் பின்னால் இப்படி எத்தனை பட்டியல்கள் இருக்கின்றனவோ. தாளாளரும் போனில், “பாத்துச் செய்ங்க டீச்சர்” என்றிருக்கிறார். எதைப் பார்த்து என்று சொல்லவில்லை.

பட்டியல் 9 நாள் மேசை டிராயரில் கிடந்தது. அந்த வாரம் காலை வழிபாட்டில் காணாமல்போன ஆட்டின் உவமை. வாசித்தது சித்திதான். “தொண்ணூத்தொம்பதை விட்டுட்டு ஒண்ணைத் தேடிப் போனாருன்னு மைக்குல வாசிச்சிட்டு, ரூமுக்கு வந்து, நூறு வேணும்னு ஏழைத் தொரத்திக் கையெழுத்துப் போடவா? எனக்கே சிரிப்பு வந்துட்டுய்யா.”

7 பேரும் பத்தாம் வகுப்புக்குப் போனார்கள். மாலையில் ஒரு மணி நேரம் சித்தியே கணக்கு எடுத்தார். 164 பேர் எழுதியதில் 2 பேர் தோற்றார்கள், இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். 98.78 சதவீதம். பேனர் அடிக்கவில்லை. அடுத்த தலைமையாசிரியர் கூட்டத்தில் சித்தியின் பள்ளியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம், அதுதான் தண்டனை.

எல்லாவற்றிலும் இப்படி ஜெயிக்கிறார் என்றில்லை. நிர்வாகம் தன் கையிலிருந்து சம்பளம் கொடுக்கும் ஆசிரியைகள் 9 பேர் அங்கே இருக்கிறார்கள். அரசுச் சம்பளம் வாங்குபவர்களின் அதே வேலை, அதில் ஒரு சிறு பங்குதான் கூலி. 4 வருஷமாகச் சித்தி எழுதிக்கொண்டிருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு கேக் வந்தது.

பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர்கள் மறைக்கல்விக்குப் போகும்போது மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் சம்மதம் இல்லாமல் யாரையும் சமய போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று 28ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியானால் ஆன்மிகத் தலைமை என்று எதைச் சொல்வது? நான் கோவிலுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கும் அம்மாவின் நினைவுப் பூசைக்கும் மட்டும்தான், எனக்குப் பதில் சொல்லத் தகுதி குறைவு. ஆனால் டிராயருக்குள் அந்தப் பட்டியல் கிடந்த 9 நாளை நினைத்தால், அது யாரையும் ஞானஸ்நானத்துக்கு இழுக்கும் வேலையில்லை என்று மட்டும் தெரிகிறது.

அந்த 9 நாளில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் சித்தி மடத்துக்குப் போவார். அங்கே ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டர், எண்பதைத் தாண்டியவர். சித்திக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர். யாரும் ஏற்பாடு செய்ததில்லை, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. டீ கொடுத்துவிட்டு அவர் கேட்பது ஒரே கேள்வி: “இந்த வாரம் யாரைப் பாத்து எரிச்சல் வந்துச்சு?” இஞ்ஞாசியார் காலத்திலிருந்து வரும் ஆன்ம சோதனைதான், சமையலறைத் தமிழில். எங்கள் டீமிலும் 2 வாரத்துக்கு ஒருமுறை ரெட்ரோ நடக்கும். எது சரியாகப் போனது, எது போகவில்லை என்று கலர் கலராக ஸ்டிக்கி நோட் ஒட்டுவோம். இந்தக் கேள்வியை அங்கே கேட்டால் ஹெச்.ஆர். வந்துவிடும்.

சித்திக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அந்த நாற்காலி அநேகமாக ஒரு வரலாற்று டீச்சருக்குப் போகும். இந்த ஜூனிலிருந்து சித்தி அவரையும் வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறார். சிஸ்டருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. எரிச்சலை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருக்கும் இளம் கன்னியர்களுக்கும் கேட்கும்படி. வரலாற்று டீச்சர் முதல் இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை என்றாராம். மூன்றாவது வாரம், “எச்.எம். மேலதான் சிஸ்டர்” என்று கத்திச் சொல்லியிருக்கிறார்.