தீர்வது வேறு, தணிவது வேறு

எழுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலில் வந்துதான் நிற்கும். யார் எந்தத் தைலம் போடுகிறார், எந்த ஊரில் போய் உழிச்சல் செய்துகொண்டார், பாங்காக் போன மகன் அங்கே எப்படி உடம்பு பிடித்துவிட்டார்கள் என்று வந்து சொன்னான், இப்படியே நேரம் போய்விடும். நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் "சார், இதில் எது நல்லது?" என்ற கேள்வி என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே வரும். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "உங்களுக்கு நோய் தீரணுமா, வலி தணியணுமா?" இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துப் போகிறவர் பணத்தை விட்டுவிட்டு வருகிறார். சில பேர் உடம்பையும் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று ஒரு பழமொழி உண்டு. செக்கு எண்ணெய்க்குக் காசு செலவழித்தால் மருந்துச் செலவு குறையும் என்ற கணக்கு அது. ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்து எண்ணெய் தேய்த்துக் குளித்த வீடுகளில், தனியாக மசாஜ் என்று எதுவும் தேவைப்படவில்லை. நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உச்சியில் வைத்து, தோள், முதுகு, கால் என்று இறங்கி வருவார்கள். அரை மணி நேரம் ஊறிய பிறகு சீயக்காய், வெந்நீர், மதியம் மிளகு ரசம். தோல் வறட்சி போகும், உடம்பு இளகும், ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். அந்தக் குளியலிடம் இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. அதனால்தான் அது யாரையும் ஏமாற்றவும் இல்லை.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதையும் ஒன்பதாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் கையால் செய்கிற வேலைதான். ஆனால் எந்தத் தசைக்கு எது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

மைதானத்தில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். கபடி ஆடுகிற பையனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கீழே விழுந்து துடிப்பான். கூட ஆடுகிறவர்கள் ஓடிவந்து அந்த இறுகிய தசையைக் குத்துவார்கள், கசக்குவார்கள். தசை இன்னும் இறுகும். அப்போது செய்ய வேண்டியது இழுத்தல். முழங்காலை நீட்டி, பாதத்தைக் கையால் பற்றி, கால்விரல்கள் அவன் முகத்தைப் பார்க்கும்படி மெதுவாக மடக்கிப் பிடிக்க வேண்டும். கல்லாக இருந்த கெண்டை கொஞ்ச நேரத்தில் கைக்குள்ளேயே தளர்வது தெரியும். அதன் பிறகு கணுக்காலிலிருந்து முழங்கால் பக்கமாக மேல்நோக்கி நீவிவிடலாம். இழுப்பதற்கு முன்னால் அழுத்தினால் வேதனை. இழுத்துவிட்டு நீவினால் சுகம். கை அதேதான், வரிசைதான் மாறுகிறது.

எங்கள் குமரி மாவட்டத்தில் வர்மம், அதாவது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகள், தெரிந்த ஆசான்கள் உண்டு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது அவர்கள் கணக்கு. அடிமுறை என்கிற சண்டைக் கலையைச் சொல்லிக்கொடுக்கிற ஆசானே, அடிபட்டவனை மீட்கிற இளக்குமுறையும் தெரிந்து வைத்திருப்பார். அடிபட்டவனை மயக்கம் தெளிவிக்க அடங்கல் என்று தனியாக ஓர் இடம் பார்த்துத் தட்டுவார். நல்ல ஆசான் வந்தவுடன் எண்ணெயை எடுக்க மாட்டார். எப்போது விழுந்தாய், எந்தப் பக்கம் விழுந்தாய், விரல் மடங்குகிறதா என்று கேட்பார். விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார். எலும்பு பிசகியிருக்கிறது என்று பட்டால், "முதல்ல போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படித் திருப்பி அனுப்பத் தெரிந்தவரிடம் மட்டும்தான் என் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன்.

மலையைத் தாண்டினால் கேரளம். கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் 1902இல் ஆரிய வைத்தியசாலை தொடங்கிய காலத்திலிருந்து இந்த முறைகளுக்கு ஓர் ஒழுங்கும் பெயரும் வந்தன. பிழிச்சில் என்றால், மரப்பாத்தியில் படுக்க வைத்து, இளஞ்சூடான தைலத்தில் துணியை முக்கி உடம்பெல்லாம் பிழிந்துகொண்டே நீவுவது. இரண்டு பக்கமும் ஆள் நிற்பார்கள். எண்ணெய் ஆறாமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் வேண்டும். ஞவரக்கிழி இன்னும் அருமையானது. அறுபது நாளில் விளைகிற ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் குழைய வேகவைத்து, துணியில் கிழியாகக் கட்டி, சூட்டோடு ஒற்றித் தேய்ப்பார்கள். மெலிந்துபோன தசைக்கும் பக்கவாதத்தில் தளர்ந்த கை கால்களுக்கும் இதைச் செய்வது வழக்கம். கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலாலேயே மிதித்து உழிகிற சவிட்டி உழிச்சல் களரிப் பயிற்சிக்காரர்களுக்கு உரியது. எழுபது வயசில் அதற்கு ஆசைப்படக் கூடாது.

வெளிநாட்டு முறைகளில் நம் ஊர்க் கடைகளில் அதிகம் எழுதியிருப்பது ஸ்வீடிஷ் மசாஜ். ஸ்டாக்ஹோமில் 1813இல் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அதன் அடிப்படை அசைவுகளை வகுத்தவர் யோகான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர். இன்று ஐந்து அசைவுகள் சொல்வார்கள்: நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிரவைத்தல். நம் தொக்கணத்தின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள், எத்தனை ஒத்துப்போகிறது! மனித உடம்பு எங்கேயும் ஒன்றுதானே. தாய்லாந்து முறையில் எண்ணெய் கிடையாது. தரையில் பாய் விரித்து, உடுத்த துணியோடு படுக்க வைத்து, கட்டைவிரல், முழங்கை, பாதம் எல்லாவற்றாலும் அழுத்தி, கை கால்களை இழுத்து வளைப்பார்கள். பாங்காக்கின் வாட் போ கோயிலில் இந்த வித்தையின் வரைபடங்களைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். 2019இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஜப்பானின் ஷியாட்சு விரலால் அழுத்துவது. அதைப் பரப்பிய தோகுஜிரோ நமிகோஷி 1940இல் அதற்கென்று பள்ளி தொடங்கினார். இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் உருவாக்கிய நிணநீர் வடிப்பு முறை வேறு மாதிரி. அழுத்தமே இருக்காது, தோலை மட்டும் மெல்ல நகர்த்துவார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கிப்போகும் பெண்களுக்கு, இறுக்கக் கட்டோடு சேர்த்து, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இதைச் செய்வார்.

சரி, இத்தனையும் செய்தால் உள்ளபடி என்ன கிடைக்கும்? திடீரென்று வந்த இடுப்பு வலிக்கு, மாத்திரைக்கு முன்னால் ஒத்தடமும் மசாஜும் செய்து பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரியே 2017இல் வழிகாட்டுதல் கொடுத்தது. மெதுவாக வருடும்போது மட்டும் விழித்துக்கொள்கிற மெல்லிய நரம்புகள் நம் தோலில் இருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பதற்றம் அடங்குவதும் தூக்கம் வருவதும் வெறும் நினைப்பு இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை மயாமியில் தினமும் மூன்று முறை, கால் மணி நேரம் தடவிக்கொடுத்தும் கை காலை அசைத்துவிட்டும் பார்த்தார்கள். மற்றக் குழந்தைகளைவிட அவர்களின் எடை நாளொன்றுக்கு 47 சதவீதம் அதிகமாக ஏறியது. 1986இல் வெளிவந்த ஆய்வு அது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் குழந்தையைக் கிடத்தித் தேய்த்துக் குளிப்பாட்டிய நம் பாட்டிமார் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஆனால் கடைப் பலகையில் எழுதியிருப்பது வேறு. உடம்பின் நச்சையெல்லாம் பிழிந்து எடுப்போம் என்பார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன. லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுவோம் என்பார்கள். 2012இல் கனடாவில் தசையில் துளி எடுத்துச் சோதித்தபோது, மசாஜ் தசையின் அழற்சியைக் குறைத்தது தெரிந்தது, லாக்டிக் அமிலத்தில் மாற்றம் எதுவும் இல்லை. உள்ளங்காலில் இந்த இடம் சிறுநீரகம், அந்த இடம் இதயம் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். பாதம் பிடித்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கும், சந்தேகமே இல்லை. அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் வினை. தொப்பை கரைவதும் தேய்மானமான மூட்டு புதிதாவதும் எந்தக் கையாலும் நடக்காது.

கை வைக்கவே கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்த்தால் நுரையீரலுக்கு ஏறிவிடலாம். நேராக ஆஸ்பத்திரிதான். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குக் கிழியின் சூடு தெரியாது. கொப்புளம் வந்து, புண்ணாகி, காலையே எடுக்க வேண்டியிருக்கலாம். முழங்கையில் அடிபட்ட பிள்ளைக்கு எண்ணெய் போட்டு உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடக்க முடியாமல் போவதுண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், எலும்பு நைந்தவர், காய்ச்சல்காரர், கர்ப்பிணி, எல்லாரும் டாக்டரைக் கேட்டுவிட்டே படுக்க வேண்டும். சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் விட்டுவிடுங்கள். மூக்கில் விட்டது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா.

ஆள் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான். உங்கள் நோய், மாத்திரை, ஆபரேஷன் எல்லாவற்றையும் முதலில் கேட்கிறாரா? "வலிக்குது" என்றால் உடனே கையைத் தளர்த்துகிறாரா? "வலிச்சாத்தான் சரியாகும்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கும்போது, தெருமுனைப் பலகையை நம்பிப் போக வேண்டிய அவசியமில்லை.

இத்தனை வருஷத்தில் உடம்பிடமிருந்து நான் கற்றது, வயதான பிறகு பெரும்பாலான வலிகள் தீராது என்பதுதான். தீராது என்று தெரிந்த பிறகும் தணிக்கலாம். ஒரு ராத்திரி நல்ல தூக்கம், ஒரு காலை கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடை, இவை சின்ன லாபம் இல்லை. தீர்த்துக்காட்டுகிறேன் என்பவர் பின்னால் ஓடுகிறவருக்கு இந்த லாபம் கண்ணில் படாது. கிடைத்ததை வைத்துக்கொண்டு ஊரைக் குறை சொல்வார். குடும்பத்திலும் இப்படித்தான். சில மனவருத்தங்கள் தீரவே தீரா. பேசித் தீர்த்துவிடுகிறேன் என்று கிளறுவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி சாப்பிட்டால் தணியும்.

என் வயசு ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனைவி போன பிறகு, கைகுலுக்குவதைத் தவிர வேறு யாரும் தொடாமலே மாசக்கணக்கில் இருப்பவர்கள் நம்மில் பலர். சிறு பிள்ளையில் கேட்காமலே கிடைத்தது இப்போது கேட்டால்தான் கிடைக்கும், கேட்கவோ நமக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. ஸ்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் துணிகிறவர், வீட்டில் இருக்கும் பேரனிடம் "காலைக் கொஞ்சம் பிடிச்சுவிடுடா" என்று கேட்கத் தயங்குகிறார். கேளுங்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுங்கள்: விரல் நுனியால் குத்தாமல் முழு உள்ளங்கையால், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, அவசரமில்லாமல். கால் மணி நேரம் போதும். அவன் கையில் செல்போன் இல்லாத கால் மணி நேரமாகவும் அது இருக்கும். அந்த லாபம் தனி.