பொதுப் பெட்டிக்கு வரும் விளம்பரங்கள்

பத்திரிகை அலுவலகங்களில் 'ஆசிரியர்', 'செய்தி', 'தகவல்' என்ற பெயர்களில் மின்னஞ்சல் முகவரிகள் இருக்கும். அவை ஆளுக்கு உரியவை அல்ல, பொறுப்புக்கு உரியவை. ஆள் மாறினாலும் முகவரி மாறாது. தகவல், விற்பனை, முறைப்பாடு எனப் பணிவாரியாக இத்தகைய பெயர்களை 1997இல் ஆர்.எப்.சி. 2142 என்ற இணைய ஆவணம் வகுத்துரைத்தது. முன்பின் அறியாதவரும் ஊகித்தே எழுதலாம்.

அந்த வசதி விளம்பரதாரருக்கும் வாய்த்துவிட்டது. 1978 மே மாதத்தில் கேரி தூர்க் என்பவர் கணினி விளம்பரமொன்றை ஆர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரேயடியாக அனுப்பினார். அதற்காக அவர் முகவரிகளைத் திரட்டவேண்டியிருந்தது. இன்றோ நிறுவனத்தின் பெயர் தெரிந்தாலே போதும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அலுவலகத்துக்கு இளைத்தது பொதுப் பெட்டி.

அழித்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். பெட்டியைத் திறப்பவர் ஐந்து பேர் என்றால் அது அத்தனை எளிதன்று. ஒருவர் கேட்டு வாங்கிய மடல் மற்ற நால்வருக்குத் தொல்லை. ஒருவர் 'வேண்டாம்' என்று அழுத்தினால் ஐவருக்கும் நின்றுபோகும். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஓர் அமைப்பின் விளம்பர மடலை யாரோ குப்பையென ஒதுக்கிவிட்டார். பிறகு அதே அமைப்பு அனுப்பிய இரத்ததான முகாம் அறிவித்தலும் குப்பைக்குள்ளேயே விழுந்தது. முகாம் முடிந்த மறுநாள்தான் கண்டெடுத்தோம்.

பாலையூற்றிலிருந்து ஒரு மரண அறிவித்தலோ, லூர்து அன்னை திருத்தலத்தின் திருவிழாச் செய்தியோ, காணாமற்போன மகனைத் தேடும் தாயின் கடிதமோ இந்தப் பெட்டிக்குத்தான் வரவேண்டும். எழுதுபவருக்கு ஆசிரியபீடத்தில் எவரையும் பெயர் சொல்லித் தெரியாது. அவருக்கு இருப்பது இந்த ஒரு வாசல். அதையே விலைக்கழிவு மடல்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய மடல்களுக்குப் பெறுபவரின் சம்மதத்தை வலியுறுத்துகிறது. ஐவர் திறக்கும் பெட்டியில் யாருடைய சம்மதம்? மெயில்சிம்ப் போன்ற அஞ்சல் சேவைகளே இத்தகைய முகவரிகளை மொத்தமாகப் பட்டியலில் ஏற்ற இடந்தருவதில்லை. முறைப்பாடுகள் பெருகும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

வணிகம் செய்வோரிடம் ஒரு வேண்டுகோள். கொள்வனவுக்குப் பொறுப்பானவர் யாரென்று தொலைபேசியில் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயருக்கே எழுதுங்கள். பொதுப் பெட்டியை, வேறு வழியற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.