சவுத்தாம்ப்டனில் அப்பா வாய் திறந்தார்

கப்பல்ல ஊர் சுத்தக் கிளம்பற மக்களுக்கு முதல்ல ஒரு தகவல். ஷெங்கன் விசா கையில் இருந்தாலும், இங்கிலாந்தில் இறங்க நம்ம பாஸ்போர்ட்காரங்களுக்குத் தனி விசா வேணும். ஹாம்பர்க்கில் ஆணி புடுங்கிக்கிட்டிருக்கிற நான், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டு முடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு.

அவ்வளவு கஷ்டப்பட்டு இறங்கின ஊர் சவுத்தாம்ப்டன். சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். கூட வந்தவங்கள்ல பாதிப்பேர் லண்டன் பஸ்ஸிலயும் மீதிப்பேர் ஸ்டோன்ஹெஞ்ச் பஸ்ஸிலயும் ஏறிட்டாங்க. டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அப்பா, "ஏன், இந்த ஊருக்கு என்னடா குறைச்சல்?"னு நடக்க ஆரம்பிச்சிட்டார்.

குறைச்சல் ஒண்ணும் இல்லைதான். 800 வருஷம் தாண்டின பார்கேட் கோட்டை வாசல் கடைத்தெரு நடுவில் ஜம்முனு நிக்குது. 1912 ஏப்ரல் 10ம் தேதி டைட்டானிக் கிளம்பினது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். படத்தில் நாம ஜாக்கையும் ரோஸையும் பார்த்து அழுதோம். கப்பல்ல வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த ஊர்ல குடியிருந்தவங்க. இங்கிருந்து போய்த் திரும்பாதவங்க மட்டும் 500 பேருக்கு மேல.

பார்கேட்டைத் தாண்டி வடக்கே கொஞ்சம் நடந்தா ஒரு பூங்கா. அதில் இறக்கை விரிச்ச வெண்கலச் சிலையோட ஒரு நினைவுச்சின்னம். டைட்டானிக் இன்ஜினியர்களுக்காக 1914ல் திறந்தது. அவங்கள்ல ஒருத்தர்கூடப் பிழைக்கல.

அப்பா அங்கே நின்னவர் நின்னவர்தான்.

அவர் அனல்மின் நிலையத்தில் 30 வருஷம் ஷிப்ட் பார்த்தவர். என் சின்ன வயசில் பாதி தீபாவளிக்கு வீட்டில் இருந்ததில்லை. "எங்கப்பா போனீங்க?"ன்னா, "டூட்டி". அவ்வளவுதான் பதில்.

"பனிப்பாறையில் மோதினது எத்தனை மணிக்குடா?"ன்னார்.

"ராத்திரி 11:40. முழுகினது 2:20."

"விளக்கு?"

"முழுகறதுக்குச் சில நிமிஷம் முன்னாடி வரைக்கும் எரிஞ்சுதாம்."

"தானா எரியுமா? தண்ணி ஏற ஏற ஸ்டீம் இறங்காம ஒருத்தன் பாத்துக்கிட்டிருந்திருக்கான். ஸ்டீம் போயிருந்தா பம்ப் நிக்கும், கரண்ட் போகும், வயர்லெஸ் தடுமாறும். கும்மிருட்டுல படகை எப்படி இறக்குவ?"

அந்த வயர்லெஸ் செய்தியைக் கேட்டு வந்த கார்பேத்தியா கப்பல்தான் 700 பேருக்கு மேல் காப்பாத்தினது. அதுவரை அதை நான் இன்ஜின் ரூமோட சேர்த்து யோசிச்சதே இல்லை.

அப்பா கல்லில் இருந்த பேரையெல்லாம் ஒவ்வொண்ணா விரல் வெச்சுப் படிச்சார். அப்புறம் மெதுவா, "லைட் எரியற வரைக்கும் யாரும் நம்மள நினைக்க மாட்டாங்க. அணைஞ்சாத்தான் திட்டறதுக்கு நினைப்பாங்க"ன்னார்.

"நம்மள"ன்னு சொன்னதைக் கவனிச்சீங்களா? ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்து எழுப்பிவிடற பொழப்பு என்னுது. எனக்கும் சுருக்குனு பட்டுச்சு. ஆனா என் சர்வர் படுத்தா எவனும் சாகப்போறதில்லை.

அம்மா பெஞ்சில் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. "முப்பது வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இங்க வந்து பேசறார் பாரு. பேசட்டும், அவசரப்படுத்தாத."

கேமராவைக் கண்டாலே ஒதுங்கற மனுஷன், அன்னைக்கு அவராவே சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, "இங்க ஒரு போட்டோ எடு"ன்னார். பின்னாடி அந்தப் பேரெல்லாம் தெரியற மாதிரி எடுத்தேன்.