படலம் உரிக்கும் தொழில்: மதுரைப் பட்டறைகளிலிருந்து

மதுரையில் கார்களின் மேற்பூச்சைச் சார்ந்த வேலைகள் மூன்று வகை இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. அடிபட்ட தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசி நிறமடிக்கும் டிங்கரிங் பட்டறை ஒன்று. பெயர்களையும் படங்களையும் வெட்டி வண்டியில் ஒட்டும் ரேடியம் கடை மற்றொன்று. அண்மை ஆண்டுகளில் பைபாஸ் ரோட்டிலும் சுற்றுச்சாலை ஓரங்களிலும் பெருகியுள்ள டீட்டெய்லிங் நிலையம் மூன்றாவது. இம்மூன்றிலும் நாள்தோறும் நடந்துவந்தும் எந்தப் பெயர்ப்பலகையிலும் இடம்பெறாத வேலை ஒன்று உண்டென்றால், அது முன்பு ஒட்டப்பட்டதைப் பெயிண்ட்டுக்குக் கேடு வராமல் உரித்தெடுப்பதாகும். டி.வி.எஸ். குழுமம் 1911-இல் தொடங்கப்பெற்ற இந்நகரில் மோட்டார்த் தொழிலுக்கு நூறாண்டைக் கடந்த மரபு இருப்பதால், டிங்கர்களிடையே இன்னாரிடம் தொழில் பழகியவர் இன்னார் என்று சொல்லும் வழக்கம் இன்றும் காணப்படுகிறது. படலம் உரிப்பவருக்கு அத்தகைய குருவழி எதுவும் இல்லை.

உரிக்கப்படும் பொருள்களுள் விலை மிகுந்தது பட்டறைகளில் 'பிபிஎஃப்' என்று வழங்கும் பெயிண்ட் பாதுகாப்புப் படலம். இது பாலியூரித்தேன் என்னும் நெகிழ்வுப் பிளாஸ்டிக்கால் ஆனது. மேலே மெல்லிய பளபளப்புப் பூச்சும் அடியில் அழுத்தினால் ஒட்டும் அக்ரிலிக் பசையும் கொண்டது. மொத்தத் தடிமன் ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்குக்கு உட்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காப்பதற்காக உருவாக்கப்பட்ட படலமே பின்னர் பந்தயக் கார்களுக்கும், அதன்பின் வீட்டுக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. முழு வண்டிக்கும் இதை ஒட்ட ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாவதும் உண்டு. விலை குறைந்த பிவிசி படலங்களோ வெயிலில் மஞ்சளித்து, நெகிழ்வு தரும் எண்ணெய்ப் பொருள் வெளியேறி, நாளடைவில் நொறுங்கும் தன்மையை அடைகின்றன. மதுரையில் உரிக்க வருபவற்றுள் வேலை வாங்குபவை இவையே.

படலத்தை அறிவதைக் காட்டிலும் அதற்கு அடியில் இருப்பதை அறிவதே இத்தொழிலின் சாரம். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் காரின் தகட்டின்மீது துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, பட்டறையில் 'லேக்கர்' எனப்படும் தெளிபூச்சு ஆகிய நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடுகின்றன. காக்கவந்த படலம், காக்கப்படும் பெயிண்ட்டைவிடத் தடிமனானது என்பது பலர் எண்ணிப் பாராத செய்தி. தொழிற்சாலையில் இப்பூச்சுகள் அடுப்பில் 140 பாகை செல்சியஸ் அளவில் சுடப்பட்டு இறுகுவதால், 'கம்பெனி பெயிண்ட்' எனப்படும் இந்த மேற்பரப்பிலிருந்து படலத்தை உரிப்பது, கை பழகியவருக்கு அச்சமூட்டும் வேலையன்று. விபத்துக்குப் பின் பட்டறையில் மறுபடி அடிக்கப்பட்ட பெயிண்ட்டின் நிலை வேறு. அது 60 முதல் 80 பாகை வெப்பத்திலோ வெறும் வெயிலிலோ உலர்த்தப்பட்டது. அடித்தளத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கும் வேலையில் அவசரம் காட்டப்பட்டிருந்தால், படலத்தின் பசைக்கு இருக்கும் பிடிப்பு தகட்டின்மீது பெயிண்ட்டுக்கு இருப்பதில்லை. இழுக்கும்போது லேக்கரும் நிறமும் படலத்தோடு சேர்ந்து தோலாகப் பெயர்ந்து வருகின்றன.

ஆகவே கைதேர்ந்த தொழிலாளர் வேலையைத் தொடங்குவது கருவியோடன்று, கேள்வியோடு. 'வண்டி எங்கேயும் அடிபட்டுச்சாண்ணே? ஃபெண்டர் கம்பெனி பெயிண்ட்டுதானா?' என்ற கேள்விக்கு உரிமையாளர் பெரும்பாலும் உண்மையான விடையைத் தருவதில்லை. பழைய காராக வாங்கியவருக்கு அவ்விடை தெரிந்திருப்பதும் இல்லை. வசதியுள்ள நிலையங்களில் பூச்சின் தடிமனை அளக்கும் சிறு மின்னணுக் கருவி பயன்படுகிறது. அது தகட்டுக்கும் கருவி முனைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுவதாகையால், படலத்தின் தடிமனைக் கழித்துக் கணக்கிடவேண்டும். கழித்தபின்னும் 250 அல்லது 300 மைக்ரான் நின்றால் அடியில் பட்டியோ மறுபெயிண்ட்டோ உள்ளது என்று கொள்ளலாம். பிளாஸ்டிக் பம்பரில் இக்கருவி பயன்படாது என்பதும், மறுபெயிண்ட் மிகுதியாக அடிக்கப்படும் உறுப்பு பம்பரே என்பதும் ஒன்றுசேரும்போது, பழைய முறையான கண்ணும் விரலுமே துணையாகின்றன: கதவு இடுக்கின் உள்விளிம்பில் பெயிண்ட்டின் கரை தென்படுகிறதா, திருகாணியின் தலையில் ஸ்பேனர் பட்ட வடு இருக்கிறதா, விளக்கின் ரப்பர் விளிம்பில் நிறத் துளி தெறித்திருக்கிறதா என்று தேடிய பின்னரே ஒரு மூலையைத் தூக்குகிறார்கள்.

உரித்தலின் இயல்பை விளங்கிக்கொள்ள வெப்பம், வேகம், கோணம் ஆகிய மூன்றையும் சேர்த்தே காணவேண்டும். பசை என்பது பாதி திடமும் பாதி நீர்மமுமான பொருளாதலால், மெதுவாக இழுத்தால் இளகி விடுகிறது, வெடுக்கென்று இழுத்தால் இறுகிப் பிடிக்கிறது. 50 முதல் 60 பாகை வரை, அதாவது உள்ளங்கையை வைத்தால் உடனே எடுத்துவிடத் தோன்றும் அளவுக்குப் படலம் சூடேறினால் பசை தளர்ந்து பெயிண்ட்டை விட்டு முழுமையாக எழும்புகிறது. அதற்கு மேலும் சூடேறினால் பசை தன்னுள்ளேயே கிழிந்து பாதி படலத்திலும் பாதி பெயிண்ட்டிலுமாகத் தங்கிவிடும். 'கம் நின்னுபோச்சு' என்று இதைச் சொல்வார்கள். குளிர்நாட்டு வழிகாட்டிகளில் ஹீட் கன் என்னும் வெப்பக் காற்றுக் கருவியே முதன்மை பெறுகிறது. மதுரைச் சமவெளியிலோ சித்திரை வைகாசி நண்பகலில் கறுப்புக் காரின் பானட் தானாகவே 60 பாகையைத் தாண்டிவிடுவதால், இங்கு சிக்கல் சூடு போதாமையன்று, சூட்டின் மிகுதியும் ஒழுங்கின்மையுமே. அதனால் கோடையில் வண்டியை நிழலில் நிறுத்தி ஆறவிட்டு, காலை வேளையிலேயே வேலையைத் தொடங்கி, தேவையான இடத்துக்கு மட்டும் ஹீட் கன்னையோ நீராவியையோ காட்டும் முறை நிலைபெற்றுள்ளது. கருவியின் வாயில் சில நூறு பாகை வெப்பம் வெளிப்படுவதால் அதை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும்; நிறுத்தினால் லேக்கர் கொப்பளிக்கும், பம்பர் வளையும்.

கோணத்தைப் பற்றித் தொழிலாளர் கையால் அறிந்ததை இயற்பியல் 1944-இல் சூத்திரமாக எழுதியது. ரிவ்லின் என்ற அறிஞர் காட்டியபடி, உரித்தலுக்கு வேண்டிய விசை இழுக்கும் கோணத்தைப் பொறுத்து மாறுகிறது. படலத்தைச் செங்குத்தாகத் தூக்கி இழுப்பதற்கு வேண்டிய விசையில் பாதியே, அதைத் தன்மீதே மடக்கிப் பின்னோக்கி இழுப்பதற்குப் போதுமானது. செங்குத்தாகத் தூக்கும்போது பெயிண்ட்டையும் தகட்டிலிருந்து மேலே தூக்குகிறோம் என்பதே அதன் தீங்கு. எனவே படலத்தை மேற்பரப்பை ஒட்டியே மடக்கி, இரு கைகளுக்கும் சமமாக விசையைப் பகிர்ந்து, நிமிடத்துக்குச் சில அங்குலமே நகரும்படி இழுப்பதைத்தான் பட்டறையில் 'படுக்க வச்சு இழு' என்று கற்றுத் தருகிறார்கள்.

ஒட்டியதை எடுக்கும்போது பெயிண்ட் பெயர்ந்துவரும் துயரம் கார்த் தொழிலின் தொடக்கத்திலிருந்தே உடன்வருவது. 1920-களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள் விரும்பப்பட்டபோது, நிறங்களுக்கு இடையே ஒட்டிய தாளைப் பெயிண்டர்கள் எடுக்கையில் புதுப் பெயிண்ட்டும் கூடவே போனது. 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் செயின்ட் பால் நகரப் பட்டறையொன்றில் அவர்களுடைய வசவுகளைக் கேட்டு, எளிதில் எடுக்கக்கூடிய ஒட்டுத்தாளை 1925-இல் உருவாக்கினார். இன்று மதுரை டிங்கரிங் பட்டறைகளில் சுருள் சுருளாகத் தொங்கும் மாஸ்கிங் டேப் அதுவே.

படலம் போனபின் தங்கும் பசையை நீக்குவதில் பட்டறைக்குப் பட்டறை வழக்கம் மாறுபடுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த நீக்கியோ தக்கவை. மண்ணெண்ணெய் மெதுவாக வேலை செய்தாலும் பெரிய தீங்கு செய்வதில்லை. தின்னர் பசையை நொடியில் கரைக்கும், மறுபெயிண்ட்டையும் சேர்த்தே கரைக்கும். இரும்பு பிளேடுக்குப் பெயிண்ட்டின்மீது எந்நிலையிலும் வேலையில்லை.

ரேடியம் கடையில் நடக்கும் உரிப்பு சமூக வாழ்வோடு நெருங்கியது. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வட்டாரத்து வண்டிகளில் சல்லிக்கட்டுக் காளையின் உருவம், பிள்ளைகளின் பெயர்கள், குலதெய்வம், கட்சிக் கொடியின் நிறங்கள், சாதித் தலைவரின் படம் ஆகியவை பானட்டிலும் கதவிலும் இடம்பெறுகின்றன. வண்டி கைமாறியதும் புது உரிமையாளர் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று அவற்றை எடுப்பது. ஸ்டிக்கர் எளிதில் வந்துவிடுகிறது, எழுத்து வருவதில்லை. ஐந்தாறு ஆண்டு வெயிலில் சுற்றியுள்ள நிறம் மங்கியிருக்க, மறைந்திருந்த பகுதி மட்டும் புதுநிறத்தோடு நிற்பதால், தலைவரின் பெயரைச் சாய்வான ஒளியில் இன்னும் படிக்க முடிகிறது. காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையால் சுற்றுப்புறத்தைத் தேய்த்து வேறுபாட்டைக் குறைக்கலாம். 40 மைக்ரான் அளவே உள்ள லேக்கரில் அதற்கும் எல்லை உண்டு.

பழி எங்கே விழுகிறது என்பதில்தான் இத்தொழிலின் அநீதி உள்ளது. படலத்தைக் கணினியில் அளவாக வெட்டி ஒட்டாமல், வண்டியின்மீதே போட்டு பிளேடால் அறுத்து ஒட்டியிருந்தால் லேக்கரில் மெல்லிய கீறல் பதிந்துவிடும். ஆண்டுகள் கழித்துப் படலத்தை எடுக்கும்போதே அது கண்ணுக்குத் தெரிகிறது, அப்போது எதிரில் நிற்பவர் உரித்தவர். ஒட்டுபவருக்கு நிறுவனப் பயிற்சியும் உத்தரவாத அட்டையும் உண்டு. உரிப்பவருக்கோ வண்டி கழுவுபவரின் கூலியை ஒட்டிய கூலியே கிடைக்கிறது, பெயிண்ட் பெயர்ந்தால் அதிலும் பிடித்தம் விழலாம். இதற்கு மாற்றாக, விளிம்புகளைக் கைபேசியில் படமெடுத்து, மறுபெயிண்ட் அடித்த உறுப்புகளைத் தாளில் குறித்து, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிய பின்னரே மூலையைத் தூக்கும் வழக்கம் சில இடங்களில் தொடங்கியிருக்கிறது. அந்தத் தாளின் மதிப்பை முதலில் உணரக்கூடியவர்கள் பழைய கார்த் தரகர்கள். எந்தக் கதவு மாற்றப்பட்டது, எந்த ஃபெண்டர் பட்டி பார்க்கப்பட்டது என்பதை வண்டியை விற்பவரைக் காட்டிலும் தெளிவாக அது சொல்லிவிடுகிறது.