சீட்டில் எழுதியிருக்கும் லைட் டூட்டி

அடிபட்டு ஆஸ்பத்திரி போய்த் திரும்பி வருகிறவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். பெரும்பாலும் அதில் "லைட் டூட்டி" என்று மட்டும் எழுதியிருக்கும். கோவையில் மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கும் பவர் பிரஸ் பிரிவில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவன் நான். எங்கள் ஷாப்பில் அந்தப் பெயரில் ஒரு வேலை கிடையாது. குனிவது, தூக்குவது, கிள்ளி எடுப்பது, பெடல் மிதிப்பது, இடுப்பைத் திருப்புவது, இவைதான் உண்டு. வந்தவருக்கு இவற்றில் எது முடியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இடம் ஒதுக்க வேண்டும்.

பிரஸ்ஸில் போவது பெரும்பாலும் விரல். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு விரலுக்கும் கணக்கு வைத்தது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, சுண்டுவிரலுக்கு 7. நஷ்டஈடு போட அந்தக் கணக்கு போதும். எந்த மிஷினில் நிறுத்துவது என்பதை அது சொல்லாது. ஸ்டாம்பிங் தகடு அரை மில்லிமீட்டர் கனம். அடுக்கிலிருந்து ஒற்றைத் தகட்டைப் பிரித்தெடுக்க விரல் நுனி வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் போனவர்கூட அங்கே திணறுவார். பெட்டி தூக்குவதிலோ அவருக்குக் குறை தெரியாது. சிலருக்கு வெட்டுப்பட்ட இடம் மரத்துப் போயிருக்கும். தகட்டின் விளிம்பு கிழித்து ரத்தம் வந்த பிறகுதான் கவனிப்பார்கள். வேறு சிலருக்கு லேசாக இடித்தாலே சுரீர் என்னும். கூலன்ட்டின் குளிர்ச்சியும் கிரைண்டரின் அதிர்வும் அவர்களுக்கு ஆகாது. "உட்கார்ந்து செய்யற வேலைதானே" என்று ஆபீஸில் சொன்னாலும் அவர்களை நான் கிரைண்டிங்கில் போடுவதில்லை.

உட்காருவது என்றதும் நினைவு வருகிறது. முதுகில் அடிபட்டவர் என்றால் உடனே ஒரு நாற்காலியைப் போட்டுவிடுகிறார்கள். டிஸ்க் கோளாறோடு வந்த ஒருவர் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இருந்தார். "நின்னாக்கூடப் பரவால்லீங்க சார், உக்காந்து எந்திரிக்கறப்பத்தான் உசுரு போவுது" என்றார். அவருடைய பழைய மிஷின் அருகே நின்று அரை ஷிப்ட் பார்த்தேன். எடை ஒரு பொருட்டே இல்லை. தகட்டுக் கட்டு பக்கவாட்டில், தரையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து, எடுத்த கையோடு திரும்பி டையில் வைக்க வேண்டும். கழிவாகக் கிடந்த ஆங்கிளை வைத்து இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு அடித்து, கட்டை அவருக்கு நேர் எதிரே வைத்தோம். அதே மிஷினுக்கே திரும்பிவிட்டார். அடுத்த வாரம் பக்கத்து மிஷின்காரர், அடிபடாதவர், தனக்கும் ஒன்று கேட்டார்.

டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நம் ஷாப்பைப் பார்த்ததில்லை. எத்தனை கிலோ, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தக் கால் பெடலில் என்று ஒரு தாளில் எழுதி, போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள். உபயோகமான பதில் வரும்.

விரல் போன மிஷினிலேயே மறுபடி நிறுத்தலாமா என்று கேட்பார்கள். முதலில் பாதுகாப்புத் தடுப்பும் இரு கை பட்டனும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஆளைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். கிளட்ச் சத்தத்துக்கே கை உதறுகிறவர் உண்டு. "என் மிஷினைக் கொடுங்க" என்பவரும் உண்டு. லைனில் நாலு பேர் முன்னால் கேட்டால் எல்லோருமே "பயமில்லை" என்றுதான் சொல்வார்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு நிறுவன ஊழியரைப் பதவி குறைக்க முடியாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அந்தப் பிரிவு தனியார் ஷாப்பைக் கட்டுப்படுத்தாது. அதனால் முதலாளிமாருக்கும் சக சூப்பர்வைசர்களுக்கும் ஒன்று கேட்கிறேன்: ஆளை இடம் மாற்றும்போது கிரேடிலும் ஓவர்டைமிலும் இன்சென்டிவிலும் கை வைக்காதீர்கள். வைத்தால், அடுத்து அடிபடுகிறவர் வலியை மறைத்துக்கொண்டு பிரஸ்ஸின் முன்னால் நிற்பார்.