மறுபடியும் எரிந்த மஞ்சள் விளக்கு

கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த மஞ்சள் விளக்கு தெரிந்திருக்கும். ஸ்டியரிங்குக்கு எதிரே சின்னதாக ஒரு எஞ்சின் படம். என் மனைவி அதைப் பம்பு செட்டு விளக்கு என்பாள். பார்க்க அப்படித்தான் இருக்கிறது. அது எரிந்தாலும் வண்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் சங்கடம். நின்றுவிட்டால் ரிப்பேர் பார்த்துவிடுவோம்.

என்னுடையது 2018 மாடல் பெட்ரோல் கார். திங்கள், வியாழன் இரண்டு நாளும் மனைவியை டயாலிசிஸுக்காகக் கணியம்பாடியிலிருந்து வேலூருக்கு அழைத்துப் போகிறேன். திரும்பி வரும்போது அவளுக்கு உட்காரவே தெம்பு இருக்காது. பஸ் ஏற முடியாது. நடுரோட்டில் வண்டி நின்றால் என்ன செய்வது என்ற பயம்தான் எனக்கு.

போன ஆவணியில் விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கருவியைச் செருகி, இரண்டு பொத்தானை அழுத்தி அணைத்தார்கள். "சென்சார் கம்ப்ளெயின்ட் சார், ஒண்ணும் இல்ல, தைரியமா ஓட்டுங்க." முந்நூறு ரூபாய். இரண்டாவது டயாலிசிஸ் நாளில் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் அணைத்தார்கள். மூன்றாம் முறை போனபோது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையே மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள்.

"ஏங்க, வண்டிய வித்துட்டு ஆட்டோ வச்சிக்கலாமே" என்றாள் மனைவி. கணக்குப் போட்டால் அவள் சொன்னது தப்பில்லை.

ஆனால் நான் ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீஷியன். அங்கே பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கினால் மணி அடிக்கும். சத்தம் தாங்காமல் மணியின் வயரைக் கழற்றிவிடும் ஆளும் இருந்தான், ஓடிப்போய்த் தண்ணீர் பம்பைப் பார்க்கும் ஆளும் இருந்தான். முதல் ஆளை எங்கள் ஃபோர்மேன் நைட் ஷிப்டில் போடவே மாட்டார். அதனால், "அணைக்கிறதுக்கு முன்னாடி அந்த நம்பரைக் காட்டுங்க" என்று கேட்டேன்.

பி 0171. எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்கு அர்த்தம். கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்றால் வரும் நம்பர் பி 0420. வந்தது ஒன்று, மாற்றச் சொன்னது வேறொன்று. அணைக்க வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். நம் நாட்டில் பிஎஸ் 4 விதிகளோடு 2010-ல் ஆரம்பித்து, 2013 ஏப்ரலில் முழு வடிவத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட கோளாறை ஒருமுறை கண்டால் கம்ப்யூட்டர் மனதுக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கைப் போடும். கருவியால் அணைத்தால் அழிவது அதன் ஞாபகம் மட்டுமே, கோளாறு அப்படியே இருக்கும். மறுபடி இரண்டு ஓட்டம் கண்டுவிட்டு விளக்கைப் போடும். எனக்குச் சரியாக இரண்டாவது டயாலிசிஸ் நாளில் வந்த கதை இதுதான்.

அழிக்கும்போது இன்னொன்றும் போய்விடுகிறது. கோளாறு தெரிந்த நொடியில் வண்டி என்ன வேகம், எஞ்சின் எவ்வளவு சூடு என்ற குறிப்பும் அதில் இருக்கும். எங்கள் பக்கத்தில் புளியமரத்தடியில் கடை போட்டிருக்கும் தம்பி அதைத்தான் முதலில் படித்தான். வேகம் பூஜ்யம், எஞ்சின் நல்ல சூடு. "எங்கயாவது நிக்கும்போதுதான் சார் வருது." தொரப்பாடி தாண்டியதும் நெரிசலில் நிற்போமே, அங்கேதான்.

எஞ்சின் சும்மா ஓடும்போது உள்ளே இழுப்பு அதிகம். எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் அதன் வழியாகவும் காற்றை இழுக்கும். வேகமாகப் போகும்போது உள்ளே போகும் காற்றே ஏராளம், அந்த ஓட்டைக் காற்று கணக்கில் வராது. தம்பி எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் ஹோஸ்கள் மேல் ஒவ்வொன்றாக கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்தான். (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், சூட்டில் தீப்பிடிக்கும்.) ஓர் இடத்தில் அடித்ததும் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால் எலிப்பல். சொர்ணவாரி அறுப்பு முடிந்ததும் வயலில் இருக்கும் எலியெல்லாம் எங்கள் ஷெட்டுக்குக் குடிவரும்.

ஹோஸ் 180 ரூபாய், கூலி 200.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். விட்டு விட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும், அப்போது அந்த நாற்பதாயிரம் நிஜமாகிவிடும். சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

விளக்கை அணைக்கட்டுமா என்று தம்பி கேட்கவே இல்லை. "மூணு ஓட்டம் சுத்தமா போனா அதுவே அணைஞ்சிடும் சார், அப்பதான் நமக்கும் நிச்சயம்" என்றான். திங்கள், வியாழன், அடுத்த திங்கள். அதற்கடுத்த வியாழக்கிழமை விடிகாலை ஸ்டார்ட் செய்தேன். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைந்தன, மஞ்சளும் அணைந்தது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "பம்பு செட்டு போயிடுச்சா?" என்றாள்.

இப்போது ஷெட்டில் எலிப்பொறி வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு மாட்டியிருக்கின்றன.